நஜ்முத்தீனின் வரிச்சலுகை

"வரி கட்டுவது கடமை. அதில் சலுகை கேட்டு வாங்குவது கலை!" என்று முழங்கினார் நஜ்முத்தீன். கழுத்தில் டை, இடுப்பில் கைலி, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்.

அவருடைய கம்பெனியிலேயே வேலை வாங்கித் தருவார் என்று நம்பி, 2009-இல் விசிட் விசாவில் அமீரகத்தின் அல் ஐனுக்கு வந்திருந்தான் மைத்துனன் யஹ்யா.

"மச்சான், ஒரு தடவை உங்க ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"மேனேஜருங்க எல்லாம் இப்ப வீட்டுலேருந்துதான் வேலை, மாப்ள. அதுக்கு அரசாங்கம் வருமான வரியில கழிவு தருது. ஆபீஸ் வாசலை மிதிச்சா சலுகை போயிடும்."

"ஏசி கரண்டு பில்லைக்கூடக் கழிக்கலாமாம்டா," என்று பூரித்தாள், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அக்கா ஷஹீரா.

யஹ்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே கஃபட்டீரியாவில் டீ குடிக்கப் போனவன், மச்சானின் சாமர்த்தியத்தை அங்கிருந்தவர்களிடம் அளந்துவிட்டான். டீ போடுகிறவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

விறுவிறுவென்று படியேறி வந்தான்.

"மச்சான், இந்த நாட்டுல சம்பளத்துக்கு வரியே கிடையாதாமே?"

நஜ்முத்தீன் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு டையைத் தளர்த்தினார்.

"சம்பளமும் கிடையாது, மாப்ள. போன மாசமே வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க."