போன வருஷத்து உயரம்

லாரி ஓட்டுநரின் மகளை டாக்டர் சுவரோடு நிற்கவைத்து அளந்தார். பள்ளியிலிருந்து வந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

எடை ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்கத்தான் ஓட்டுநர் அவளைக் கூட்டி வந்திருந்தார்.

"எடை இந்த வருஷத்தோடது, உயரம் போன வருஷத்தோடதைப் போட்டிருக்காங்க. பி.எம்.ஐ. எப்படிங்க சரியா வரும்? வளர்ற வயசு. அவ வயசுப் பொண்ணுங்களோட வெச்சுப் பார்த்தா, உங்க பொண்ணு நட்டநடுவுல இருக்கா."

அவ்வளவுதான். மூன்று மாதம் வாயைக் கட்டியது ஒரே மூச்சில் வீணாய்ப் போனது.

அதிக எடை என்று பள்ளி சொன்னதை ஓட்டுநர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தே வைத்தாள். பிறந்தநாளுக்கு கேக் வெட்டவில்லை. அத்தை பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்ன, இவள் வேகவைத்த கேரட்டைக் கொறித்தாள். வகுப்பில் 'பூசணிக்கா' என்று பெயர் விழுந்ததும் அந்தத் தாளால்தான்.

படியிறங்கும்போதே பொரிந்து தள்ளினார்.

டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்காத மனுஷன். மகளின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிக் கிடந்ததைப் பார்த்தும், துவைத்ததில் சுருங்கிவிட்டது என்றே நினைத்திருக்கிறார். பள்ளி மீது வந்த கோபத்தில் பாதி, தன் மீதே திரும்பியது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன். கிழிகிழின்னு கிழிக்கிறேன் பாரு."

"வேணாம்ப்பா. அன்னைக்கு யாரும் உயரமே அளக்கல. தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவர் நின்றுவிட்டார். தெரிந்துமா? தெரிந்துகொண்டா வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்?

"ஏம்மா சொல்லல?"

அவள் செருப்பு முனையால் படியைச் சுரண்டினாள்.

தாள் வந்த வாரமே அவர் வெளிமாநில ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூர் வண்டிக்கு மாறியிருந்தார், சாயங்காலம் அவளோடு சேர்ந்து நடக்க. அதற்கு முன்பெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு வீடு தங்கினாலே பெரிய விஷயம்.

"அப்போ இனிமே பழையபடி போயிடுவியாப்பா?" என்றாள்.