மேஜைமேல் மூன்று அரிவாள்

வெட்டுக்குத்தை நிறுத்தக் காவல்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அமைத்த குழுவில் சகாயராணியும் ஒருத்தி. தம்பியை அரிவாளுக்குப் பறிகொடுத்தவள். வேறொரு கொலைக்குப் பழிவாங்கக் கிளம்பிய மூன்று பேரை அன்று வழிமறித்து, மதியம்வரை பேசி, அரிவாள்களை வாங்கிவந்து இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

“யாரு கொடுத்தது? பேரச் சொல்லும்மா.”

“சொல்ல மாட்டேன் சார். சொன்னா, நாளைக்கு எவனும் என்னைய நம்பிக் கொடுக்க மாட்டான். அடுத்த கொலைய எப்படித் தடுக்கது?”

“குழுவுல இருந்தா போலீஸுக்கு ஒத்துழைக்கணும்.”

“கூட நிக்கேன் சார். ஆள் காட்ட மாட்டேன்.”

“அப்போ அரிவாள் வச்சிருந்ததா உன்மேலயே கேஸ் எழுதுவேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எழுதுங்க சார். சகாயராணி. மூணுசுழி ‘ணி’ போடணும்.”