மூச்சு மட்டும் பாக்கி

அழுதுவிட்டாள்.

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எல்லாரும் கைதட்டாத குறைதான். டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதையே வைத்துக்கொள்ளலாம், நம் ஜனங்களுக்குக் கண்ணீர் விட்டால்தான் சாவு என்று ஹெட்போனில் சொன்னார்.

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

இது தப்பு. நாவோ அழமாட்டான்.

திரையில் நாவோ அப்படியே உறைந்து நின்றான். விடியாத ஊரில் பேய் வேட்டைக்குப் போகிற அண்ணனுக்கு முன்னால் விளக்குத் தூக்கிக்கொண்டு போகும் பொடியன். ஜப்பான்காரன் வரைந்த படக்கதை, இப்போது அனிமே என்கிற கார்ட்டூன் தொடர் ஆகியிருக்கிறது. முதல் சீசனின் கடைசி எபிசோட். பச்சைப்பிள்ளையைக் கொல்வதென்றால் எழுதுகிறவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பொடியன்களுக்குப் பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். அவள் தொண்டையில் வெகுகாலமாகப் பையன்கள் குடியிருக்கிறார்கள். பிஸ்கட் விளம்பரத்துப் பையன். இந்தி சீரியலில் திருவிழாவில் தொலைந்துபோகும் பையன். எவன் வந்தாலும் இடம் உண்டு.

நாவோ மட்டும் லேசில் வரவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் பிஸ்கட் பையனே வந்து நின்றான்.

கடைசியில் வீட்டிலிருந்து திருடினாள்.

மகன் பரிதி பேசுகிற மாதிரி பேசினாள். வார்த்தையை அவசரமாக ஆரம்பித்து, பாதியில் மூச்சு முட்டி, மிச்சத்தைச் சிரிப்பில் முடிக்கிற குரல். முதல் டேக்கிலேயே ஓகே.

முதல் எபிசோட் வந்த அன்று பரிதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். அது தன் குரலாம். நஷ்ட ஈடாகப் பரோட்டா வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தாள்.

அந்தப் படக்கதையை அவன் எப்போதோ கரைத்துக் குடித்திருந்தான். நாவோ என்ன ஆவான் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. கள்ளன். ஒன்றே ஒன்று சொன்னான்.

"கடைசி சீன்ல அவன் அழமாட்டாம்மா. லேசா சிரிப்பான். நீ அழுது கெடுத்துடாத."

சீசன் பாதி ஓடும்போது காய்ச்சல் வந்தது.

டெங்கு என்றார்கள். சரியாகிவிடும் என்றார்கள். டிரிப்ஸ் ஏறும் கையோடு செல்போனில் நாவோவைப் போட்டுக்காட்டி, இது நான்தான் என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டான். அந்தப் பெண்ணும் நம்பினாள்.

ஆடி முடிவதற்குள் பரிதி இல்லை.

காரியம் முடிந்த கையோடு அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். பெற்ற வயிறு பற்றி எரியவில்லையா என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

எரிந்ததால்தான் வந்தாள்.

இந்த அறைக்குள் வாயைத் திறந்தால் அவன் வந்தான். வீட்டில் எத்தனையோ முறை முயன்று பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு. அங்கே அவள் குரல்தான் வந்தது.

அவள் வீட்டுக்காரர் வாராவாரம் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பதில்லை. கேட்பார். நாவோ வராத காட்சிகளில் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அதைப்பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இன்று காலை அவள் செருப்பை மாட்டும்போது, இன்றைக்கு என்ன சீன் என்று கேட்டார்.

சும்மா, ஓடுகிற சீன்தான் என்றாள்.

பிள்ளையை இன்னொரு முறை பறிகொடுக்கத் தயாராக இருங்கள் என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

இன்னொரு டேக் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. சவுண்ட் என்ஜினியர் ஜோயலும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். பரிதி லீவு நாட்களில் வந்து அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

திரை அசைந்தது. நாவோவின் சட்டையெல்லாம் இரத்தம். விளக்கை அண்ணன் கையில் திணித்தான்.

"அண்ணா, நீ முன்னாடி போ. நான் பின்னாலயே வந்துடறேன்."

அவசரமாக ஆரம்பித்தது. பாதியில் முட்டியது. மிச்சம் சிரிப்பில் முடிந்தது.

அவள் அழவில்லை. அவன் சொன்னபடியே செய்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டைரக்டர் குனிந்துகொண்டார். ஜோயல் பொத்தானை அழுத்திப் பேசினான்.

"மூச்சு மட்டும் பாக்கிக்கா."

தொழில் அப்படி. வசனம் தனி, மூச்சு தனி. ஓடுகிற மூச்சு, பயந்த மூச்சு, அடிபட்ட மூச்சு என்று நாவோவுக்கு எவ்வளவோ விட்டிருக்கிறாள். இது கடைசி மூச்சு. உள்ளே ஒருமுறை இழுக்க வேண்டும். வெளியே ஒருமுறை விட வேண்டும். அத்தோடு சரி. அடுத்த சீசனில் நாவோ கிடையாது.

அது எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் குனிந்து, காதை வைத்துக் கேட்டவள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். நாவோ சுவரில் சாய்ந்தான். வாயைத் திறந்தான்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

நாவோவின் தலை சரிந்தது. வாய் மூடியது. தூரத்தில் விளக்கு புள்ளியாகி மறைந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ஜோயல் காத்திருந்தான்.

அவள் விடவில்லை.