முன்பும் பின்பும்

"பாட்டில் கொஞ்சம் நழுவணும் பாப்பா," என்றார் சுதர்சன்.

நித்யஸ்ரீக்கு அது வரவில்லை. தண்ணீர் பாட்டிலை இடது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையால் ஒரு திருகு. மூடி கழன்றுவிட்டது. இடது முழங்கைக்குக் கீழே அவளுக்குக் கை கிடையாது. பிறக்கும்போதே அப்படி.

எடுப்பது 'முன்பு' காட்சி. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கை வருவதற்கு முன்பு குழந்தை எவ்வளவு திண்டாடியது என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் கம்பெனியின் சமூக சேவைப் பிரிவுக்கே தலைவரான சுதர்சன், சனிக்கிழமையும் அதுவுமாக, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை வந்திருக்கிறார்.

குழந்தை திண்டாட மறுத்தது.

"நக்கோ மா, வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ருக்மிணி மகளின் காதோரம் குனிந்தாள். பிளாஸ்டிக் கையின் பட்டை உரசி உரசி நித்யஸ்ரீயின் புஜம் புண்ணாகியிருந்தது. இன்றைக்கு சார் சொல்கிறபடி செய்துவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அதை மாட்ட வேண்டாம். அம்மா சத்தியம் செய்தாள்.

அடுத்த டேக்கில் பாட்டில் நழுவியது. பாவாடையெல்லாம் தண்ணீர். எப்படி நழுவவிடுவது என்று தெரியாமலா? பிளாஸ்டிக் கையை மாட்டினால் தினமும் அப்படித்தானே நழுவுகிறது.

சுதர்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் படம் பிடிக்கச் சொன்னார்.

'பின்பு' காட்சிக்குக் கையை மாட்டினார்கள். மேஜை விளிம்பில் பிளாஸ்டிக் விரல்கள் பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தன. கேமராவுக்குத் தெரியாமல் பாட்டிலின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது, மேஜைக்கடியில் குந்தியிருந்த ருக்மிணி.

மூடி கழன்றது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

கிளம்பும்போது சுதர்சன் ஒரு நல்ல செய்தி சொன்னார். திங்கட்கிழமை நித்யஸ்ரீயின் பள்ளியில், காலை பிரேயரில், இந்த வீடியோவைத்தான் போடப்போகிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசியாகிவிட்டது. பள்ளி முழுக்கப் பார்க்கும்.

ருக்மிணி தலையாட்டினாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

கார் போனதும் நித்யஸ்ரீ கையைக் கழற்றி சோபாவில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு விளையாட ஓடினாள்.

வாசற்படியில் அம்மா மறித்தாள்.

"இப்படியே வெளிய போகாதடி. மாடி வீட்டுப் பசங்களும் உன் ஸ்கூல்தானே, திங்கக்கிழமை வீடியோ பாப்பாங்க. உன்ன இப்படிப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

பிறந்ததிலிருந்து அவள் இப்படியேதான் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.