இர்மாவின் சின்னக் கதவு

ஜோபாட்டா கிழவர் வீட்டு ஜன்னல் கதவில் என்ன கோளாறு என்று தச்சுவேலைக்கு வந்த ஒர்னெல்லாவுக்குப் பிடிபடவில்லை. கீல்களை மாற்றினாள், உடைந்த பலகைகளை மாற்றினாள், கொக்கிக் கம்பியையும் புதிதாகப் போட்டாள். ஆனாலும் சாயங்காலமானால் அடியிலுள்ள சின்னக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஜெனோவாவில் எல்லா ஜன்னல் கதவிலும் இப்படி ஒரு சின்னக் கதவு உண்டு. மேல்விளிம்பில் கீல் இருப்பதால், அடியைத் தள்ளினால் வெளிப்பக்கம் தூக்கிக்கொள்ளும். கம்பி தாங்கிப் பிடிக்கும். உள்ளே நிற்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர்களுக்கு அவரைத் தெரியாது.

"ஆணி அடிச்சு மூடிடட்டுமா பெரியவரே? அடுத்த காத்துல பேத்துக்கிட்டு யார் தலையிலயாவது விழும்."

கிழவரின் முகம் வாடியது. "அது இர்மா நிக்கிற எடம், பொண்ணே. நான் துறைமுகத்துலேர்ந்து வர்றேனான்னு பாத்துட்டே நிப்பா. ரொட்டிக்கடை முக்குல நான் தொப்பியத் தூக்கினாத்தான் மூடுவா."

மனைவி இர்மா இறந்ததிலிருந்து அவர் படியிறங்கவே இல்லை. ஒர்னெல்லா சுத்தியலைப் பையில் போட்டாள்.

"எனக்குப் பசிக்குது. போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க."

"வேலைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார்.

திரும்பி வரும்போது முக்கில் நின்று, மேலே பார்த்து, தொப்பியைத் தூக்கினார். ஒர்னெல்லாவின் கண்ணெதிரே, திறந்து நின்ற சின்னக் கதவின் கொக்கி கழன்றது. யாரோ கையால் பிடித்து இறக்குவதுபோல் கதவு மெல்ல மூடியது.

ஆணி தேவைப்படவில்லை. ஜோபாட்டா இப்போது தினமும் சாயங்காலம் ரொட்டி வாங்கப் போகிறார். திரும்பும்போது தொப்பியைத் தூக்குகிறார். கதவு மூடிக்கொள்கிறது.