ரப்பர் தலையின் ஏக்கம்

பயிற்சி அறையில் ஒரு ரப்பர் தலை இருந்தது. தலைவலிக்காரர்களின் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப் பழகும் நர்ஸ் மாணவிகள் தினமும் அதன் பிடரியில் குத்திப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

அவர்களில் ஒருத்தியான பூங்கோதைக்கு மறுநாள் முதல் நோயாளி. ஊசியோடு தலை முன் வந்து நின்றாள்.

"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்மா, பொறுத்துக்கோங்க" என்று தலையிடம் சொல்லிவிட்டுத்தான் குத்தினாள். குத்திய இடத்தைப் பஞ்சால் மெல்ல அழுத்தி, "இப்ப தேவலையா?" என்றும் கேட்டாள்.

அவள் போனதும் ஊசி விழுந்து விழுந்து சிரித்தது. "ரப்பர்கிட்டப் போய் நலம் விசாரிக்கிறாளே! உனக்கேது வலி?"

"நீ சும்மா கிட" என்றது தலை.

'தேவலைம்மா' என்று அவளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது தனக்கு ஒரு தலைவலி வரக்கூடாதா என்று அது ஏங்கிக்கொண்டிருந்தது.