மதர்போர்டுக்கு மேட்சிங்

கூடையிலிருந்து கீபோர்டை எடுத்து அவள் கண்ணாடி மேஜையின் மேல் வைத்தாள்.

வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தச் சத்தத்தில் ரிச்சி தெருவில் பாதிக் கடைகள் ஒரு நொடி பேரத்தை நிறுத்தின.

அம்மிக்கல் கனம். இருபத்திரண்டு வயது. வால் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு ஊதா பிளக்.

"இதுக்கு மேட்சா ஒரு மதர்போர்டு காட்டு தம்பி."

புடவையைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்தே ரவிக்கைத் துணி எடுத்து அறுபத்தெட்டு வயதை எட்டியவள். மதர்போர்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாளா?

கூடைக்குள் இன்னும் இருந்தது. வெள்ளிக்கிழமை புகைந்து உயிரை விட்ட பழைய மதர்போர்டு, பூத்துவாலையில் சுற்றியபடி. அதன் மேல் பிராசஸர், பிழைத்துக்கொண்டது. எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஹார்ட் டிஸ்க்.

கடைக்கார சாதிக் துவாலையைப் பிரித்தான். சிரிப்பை அடக்கினான். அடங்கவில்லை.

"உங்க பையன் சிங்கப்பூர்லேர்ந்து காலைலயே பேசிட்டாரும்மா. எல்லாம் முடிச்சிட்டார். போர்டு ரெடி."

பெட்டியைத் திறந்தான்.

கறுப்பு. பளபளப்பு. ஓரமெல்லாம் ஏழு நிறத்தில் சீரியல் செட். அதில் ஏறி உட்கார்ந்தால் சந்திரனுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது.

அவள் முன்பக்கம் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பினாள்.

வரிசையாகத் துளைகள். சதுரம். செவ்வகம். இன்னொரு செவ்வகம்.

வட்டம் இல்லை.

"அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க? கன்வெர்ட்டர் தரேன், மாட்டிக்குங்க."

கன்வெர்ட்டரை அவளுக்குத் தெரியும். அவள் வேகத்துக்கு அது மூச்சிரைத்து எழுத்துகளை விழுங்கும். போன தடவை ஒரு பத்தியையே விழுங்கி ஏப்பம் விட்டது. புதுக் கீபோர்டுகளோ அவள் விரலுக்கு ஒரு மாதம்கூடத் தாங்கியதில்லை.

முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் தட்டச்சு. அவள் தட்டினால் பக்கத்து அறை மின்விசிறி தானாகச் சுற்றும் என்பார்கள்.

யாரும் சொன்னதில்லை. அவளே சொல்வதுதான்.

அவள் தெருவில் ஒரு பூங்கா இருக்கிறது. சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், புது பெயின்ட், பெரிய பூட்டு. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லையாம். மூன்று வருடமாக. சறுக்குமரத்தில் சறுக்குவது அணில்கள்தான். அவற்றின் பேரப்பிள்ளைகளும் இப்போது நன்றாகச் சறுக்குகின்றன.

தகவல் உரிமைச் சட்டத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதினோரு பக்கம் பதில் வந்தது. கேட்டது மட்டும் அதில் இல்லை. மேல்முறையீடு செய்தாள். கோப்பு பரிசீலனையில் உள்ளது என்றார்கள்.

இரண்டாம் மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள். நாளையோடு முடிகிறது. விட்டால் மறுபடி முதலிலிருந்து.

கையால் எழுதலாம்தான். ஆனால் அவள் கையெழுத்தை அவளாலேயே படிக்க முடிந்ததில்லை.

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் காலத்து ஓட்டை? பாட்டு கேப்பீங்க, சீரியல் பாப்பீங்க, பேரனோட வீடியோ கால். பையன் எல்லாம் யோசிச்சுத்தான் லிஸ்ட் போட்டிருக்கார். பாருங்க."

செல்போனை நீட்டினான்.

அவள் கையைத் தூர நீட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

வட்டத் துளை உள்ள போர்டு வேண்டவே வேண்டாம். அம்மா கேட்டாலும் தராதீர்கள்.

சாதிக் எட்டிப் பார்த்தான். காட்டியிருக்கக் கூடாததைக் காட்டிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

போன வாரம் கவுன்சிலர் சிங்கப்பூருக்கே போன் போட்டுப் பேசினாராம். அம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க தம்பி, என்று. மகன் அதை அவளிடம் சொல்லி, மனு கினு எல்லாம் போதும்மா என்று கெஞ்சினான். அவள் சரிப்பா என்றாள். போனை வைத்தாள். தட்ட உட்கார்ந்தாள்.

அவள் வரியை மறுபடி படித்தாள்.

திட்டப் போகிறாள் என்று சாதிக் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மாநிலத்துக்கே முதலாக வந்தவள் மாதிரி.

ஒரு பொத்தான் அளவு ஓட்டை. அதை அடைக்கக் கடல் தாண்டி இத்தனை பெரிய போர்டு.

"அந்தக் கல்யாண மண்டபத்தை மூடு தம்பி. கீழ் தட்டுல என்ன வெச்சிருக்கே?"

சாதிக் முட்டி போட்டுத் துழாவினான். தூசி பறந்தது. ஏதோ அலுவலகத்துக்கென்று வந்து, போகாமலே தங்கிவிட்ட சின்னப் பலகை. உள்ளங்கை அகலம். நகைநட்டு ஒன்றும் கிடையாது.

அவள் முதுகைத் திருப்பினாள்.

மூலையில் வட்டம். பாதி பச்சை, பாதி ஊதா.

பிளக்கை அருகே கொண்டுபோனாள். ஊதாவோடு ஊதா. புடவையோடு ரவிக்கை இத்தனை பொருந்தி அவள் பார்த்ததில்லை. பழைய பிராசஸரும் அதில் அட்சரசுத்தமாக உட்கார்ந்தது.

"லைட்டே எரியாதும்மா இதுல."

"எரிய வேண்டியவன் எரிவான். நீ மாட்டு."

சோதனை மேஜையில் திரை வெளுத்தது. டிபன் டப்பாவிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க் முனகி, இருமி, கண் விழித்தது.

அவள் தட்டினாள். தெரு மறுபடி பேரத்தை நிறுத்தியது.

பூங்காவின் சாவி யாரிடம் உள்ளது?

ஓர் எழுத்துகூட விழுங்கப்படவில்லை.

"இதை ஒரு போட்டோ எடு தம்பி. பையனுக்கு அனுப்பு."

சாதிக் தயங்கினான். அவள் பார்த்தாள். அனுப்பினான்.

இரண்டு டிக்கும் நீலமாயின.

சிங்கப்பூரில் யாரோ தட்டுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

"அவனுக்கு வேகம் பத்தாது" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வரிக்குப் போனாள்.